சட்டத்தில் பொருந்தாத முகம்

அத்தியாயம் 4

மூன்றாவது மாடியில் அந்த முகத்தைக் காணோம்.

சோடாபுட்டி நகரும் படிக்கட்டிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்று துணிக்கடையின் நாலு சுவரையும் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். அந்தக் கண்ணாடியின் தடிமனுக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர் முப்பத்திரண்டு வயதிலும் அவனை விட்டபாடில்லை.

"அண்ணி, ஒண்ணு எனக்குக் கண்ணு போயிடுச்சு. இல்லேன்னா நம்ம கட்சிக்காரர் நமக்குக் காது குத்தியிருக்கார்."

"ரெண்டும் நடந்திருக்கலாம்" என்றாள் அண்ணி.

அவள் அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, பிடிக்காமல் வெளியே வந்து, இரண்டு அறைகளில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தாள். கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிற கட்சிக்காரர்களும் அவளை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அதைத் திருத்தவில்லை. அண்ணியிடம் பொய் சொல்ல எல்லாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

இன்று காலை வந்தவருக்கு அந்தக் கூச்சம் இருந்ததா என்பதுதான் இப்போது கேள்வி.

ஒன்பது மணிக்கு வந்தார். பளபளவென்று ஷூ, பஞ்சு மாதிரிக் குரல். மனைவி வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறதாம். மனசு சரியில்லாதவளாம். போன ஞாயிற்றுக்கிழமை இந்தத் துணிக்கடைக்கு வந்தபோது மூன்றாவது மாடியில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விளம்பரத் துணியில், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிற பெண்ணைப் பார்த்தாராம். அவளேதானாம். போனில் எடுத்த படத்தைக் காட்டும்போது கண் கலங்கினார். சோடாபுட்டிதான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தான். "பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சாப் போதும். அட்ரஸ் மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார்.

படத்தை எடுத்த போட்டோகிராபர் யார் என்று கடையில் கேட்டால், அவர் வழியாக அந்தப் பெண்ணைப் பிடித்துவிடலாம். அரை மணி நேர வேலை என்றுதான் சோடாபுட்டி நினைத்திருந்தான்.

மழைக்கோட்டுகள் தொங்கிய பகுதியில், சுவரில் மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு அலுமினியச் சட்டம் வெறுமனே நின்றது. உள்ளே பதித்திருந்த குட்டிக் குட்டி விளக்குகள் எதற்கென்று தெரியாமல் எரிந்துகொண்டிருந்தன. அதன் கீழே, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றார். கடையின் அலங்காரப் பொறுப்பாளர்.

"மழைக்கோட்டுப் படம் எங்கே?" என்று அண்ணி கேட்டாள்.

"அதைத்தான் நானும் மூணு வாரமாக் கேட்டுட்டிருக்கேன்."

"போன ஞாயித்துக்கிழமை இங்கே இருந்ததாச் சொன்னாங்களே."

"இங்கேயா? இந்தச் சட்டத்துல ஒரு நாள் கூட ஏறலைங்க." கேட்க ஆள் கிடைத்த நிம்மதியில் அவர் கொட்டித் தீர்த்தார். "துணியில அச்சடிச்சு, ஓரம் பூரா சிலிக்கான் பட்டை வெச்சுத் தைச்சு அனுப்புவாங்க. பட்டையைச் சட்டத்தோட இந்தப் பள்ளத்துக்குள்ள விரலால அழுத்தினாப் போதும், துணி மேளம் மாதிரி விறைச்சுக்கும். முதல்ல நாலு மூலை, அப்புறம் ஓரம். இந்தப் படத்துக்கு மூணு மூலை உட்காருது. நாலாவது வரவே மாட்டேங்குது. இழுத்து இழுத்து எங்க ஆளுக்குக் கட்டை விரல் வீங்கினதுதான் மிச்சம்."

"எவ்வளவு குறையுது?"

"நாலு சென்டிமீட்டர். திருப்பி அனுப்பினோம். மறுபடி தைச்சு வந்தது, நாலு குறைஞ்சது. மூணாவது தடவையும் அதே நாலு. எங்களுக்குப் பதினாலு கிளை இருக்கு, ஒண்ணுல கூட ஏறலை. இன்னொரு தடவை இப்படி வந்தா படத்தையே மாத்திடச் சொல்லி மேலிடத்துல உத்தரவு."

"தைக்கிறவங்க டேப்புல நாலு சென்டிமீட்டரை எலி கடிச்சிருக்கும்" என்றான் சோடாபுட்டி.

அண்ணி சிரிக்கவில்லை. "கை தவறினா ஒரு தடவை ரெண்டு குறையும், ஒரு தடவை ஆறு கூடும். மூணு தடவையும் சொல்லி வெச்ச மாதிரி நாலுன்னா அது தப்பு இல்லை. யாரோ அளந்து குறைக்கிறாங்க."

சோடாபுட்டியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கட்சிக்காரர். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை.

"கடையில ஏதாவது தெரிஞ்சுதா?" அதே பஞ்சுக் குரல்.

"தேடிட்டிருக்கோம் சார்" என்று சொல்லி வைத்துவிட்டான். இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பொம்மைக்கு மாட்டியிருந்த தொப்பியை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். ஏறாத படத்தை அந்த மனுஷன் எந்தச் சுவரில் பார்த்தார்?

அண்ணி அதற்குள் கம்பியிலிருந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டை உருவிப் போட்டுக்கொண்டாள். படத்தில் இருந்த அதே கோட்டு. கண்ணாடிக்கு முன் நிற்காமல் கொழுந்தனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"பொத்தான் எந்தப் பக்கம் இருக்கு?"

"உங்க இடது பக்கம். வயசு பத்து குறைஞ்ச மாதிரியும் இருக்கு."

"அதை அண்ணன்கிட்ட சொல்லு. இப்போ போன்ல இருக்கிற படத்தைப் பாரு."

கட்சிக்காரர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அதே கோட்டு, அதே மஞ்சள். பொத்தான்கள் மட்டும் பெண்ணின் வலது பக்கம்.

"ஆம்பளைங்க கோட்டா?"

"எங்க கடையில இது பொம்பளைங்களுக்கு மட்டும்தான்" என்று பொறுப்பாளர் குறுக்கிட்டார். தன் டேப்லெட்டில் அசல் வடிவமைப்பை எடுத்துக் காட்டினார். அதில் பொத்தான்கள் ஒழுங்காக இடது பக்கம் இருந்தன. பெண்ணுக்கு மேலே பெரிய எழுத்தில் 'மழை வரட்டும்' என்று இருந்தது. கட்சிக்காரர் படத்தில் எழுத்தே இல்லை. தலைக்கு மேல் ஒட்ட வெட்டியிருந்தது.

"போன்ல எடுக்கும்போது திரும்பியிருக்கும் அண்ணி. செல்ஃபி எடுத்தாத் திரும்புமே."

"சுவத்துல இருக்கிற படத்தை எவனாவது செல்ஃபியில எடுப்பானா?" அண்ணி கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். "எழுத்தை வெட்டினது எதுக்குன்னு யோசி. இருந்திருந்தா அது எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

சோடாபுட்டி 'மழை வரட்டும்' என்பதைக் கற்பனையில் திருப்பிப் போட்டுப் பார்த்தான். தலைகால் புரியவில்லை. அதுதான் விடை என்பது மட்டும் புரிந்தது.

"இதை எங்கே அச்சடிக்கிறாங்க?" என்று அண்ணி பொறுப்பாளரைக் கேட்டாள்.

*

பட்டறை ஊர் ஓரத்தில், பெயிண்ட் கிடங்குக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. கதவைத் திறந்ததும் இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை மூக்கில் ஏறியது. பத்தடி அகல அச்சு இயந்திரத்தின் தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடிக் காகிதத்தில் ஏதோ ஒரு பழச்சாறு டம்ளரைக் கோடு கோடாகப் பிரசவித்துக்கொண்டிருந்தது. அப்பால் ஒரு பெரிய உருளை தகதகவென்று சுற்றியது. கோடியில், வெட்டு மேஜையைத் தாண்டி, தலைக்குத் தொப்பியும் முகத்துக்கு மாஸ்க்கும் போட்ட ஒரு பெண் தையல் மெஷினில் குனிந்திருந்தாள்.

முதலாளி கனத்த சரீரம், கனிவான முகம். அண்ணி எதையும் கேட்பதற்கு முன் சோடாபுட்டியே பழச்சாறு டம்ளரைச் சுட்டினான்.

"ஏன் சார், எழுத்தெல்லாம் திரும்பி வருது?"

"திரும்பித்தான் வரணும். துணியில நேரா அடிக்கிறதில்லை, முதல்ல காகிதத்துல. அந்தக் காகிதத்தைத் துணியோட சேர்த்து உருளைக்குள்ள விட்டா, இருநூறு டிகிரி சூட்டுல மை துணிக்குத் தாவிடும். காகிதத்துல இடது, துணியில வலது. காகிதத்துல திரும்பியிருந்தாத்தான் துணியில நேராகும்."

சோடாபுட்டி அண்ணியைப் பார்த்தான். கட்சிக்காரர் எடுத்தது துணிப் படமே இல்லை. இதே இடத்தில், இந்த இயந்திரத்திலிருந்து இறங்கிய காகிதத்தை எடுத்திருக்கிறார். கடைக்குப் போனதே கிடையாது; மழைக்கோட்டு எந்த மாடி என்பது போனில் கேட்டாலே தெரிந்துவிடும். துணி இந்நேரம் சுவரில் ஏறியிருக்கும் என்ற நம்பிக்கையில் மூன்றாவது மாடி, ஞாயிற்றுக்கிழமை என்று அளந்துவிட்டிருக்கிறார்.

அண்ணி கட்சிக்காரரின் அடையாளத்தைச் சொன்னாள். பளபளக்கிற ஷூ என்றதுமே முதலாளி தலையாட்டினார்.

"வந்தாரே. போன் ஷோரூம் வெச்சிருக்காராம், தன் கடைக்கு இதே மாதிரி துணி போர்டு வேணும்னு விசாரிக்க வந்தார். அப்போ இந்த மழைக்கோட்டுப் படம் இறங்கிட்டிருந்தது. பார்த்தவர் அப்படியே நின்னுட்டார். யார் இந்தப் பொண்ணு, எங்கே இருக்கு, என் கடை விளம்பரத்துக்கு இவளைத்தான் போடணும்னார். ஒரு கஸ்டமர் விஷயத்தை நாங்க இன்னொரு கஸ்டமர்கிட்ட பேசறதில்லை. இது இன்ன கடைப் படம், அவ்வளவுதான் தெரியும்னேன். போன் எண்ணைக் குடுத்துட்டுப் போனார். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வந்து, வாசல்ல நின்னு உள்ளே எட்டி எட்டிப் பார்த்துட்டுப் போனார்."

"தன் பொண்டாட்டின்னு சொல்லலையா?"

"பொண்டாட்டியா?" முதலாளியின் முகம் மாறியது. "அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில வரலை."

அண்ணி கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "காணாமப் போன பொண்டாட்டி மேல உயிரையே வெச்சிருக்கிறவன், அவ படத்தைப் பார்த்தா என்ன சொல்வான்? ஐயோ, இது என் பொண்டாட்டின்னு ஊரைக் கூட்டுவான். இவன் மூச்சு விடலை. அவ காதுக்குச் சேதி போயிடக் கூடாதுன்னு பார்த்திருக்கான்."

சோடாபுட்டிக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்த கை கூசியது.

"அந்தப் படங்களுக்குப் பட்டை தைச்சது யாரு?" என்று அண்ணி கேட்டாள்.

முதலாளி கோடியைக் காட்டினார். "தையல் தங்கச்சி. அதான் எனக்கே புரியலை. ஒரு மில்லிமீட்டர் தப்பாத கை. இந்த ஒரு படத்துக்கு மட்டும் மூணு தடவை அளவு குறைஞ்சிருக்கு. திட்டக் கூட மனசு வரலை."

"வந்து எத்தனை நாளாச்சு?"

"இருக்கும், ஒரு பத்து மாசம். துணித் தூசி ஆகாதுன்னு அன்னைக்கு மாட்டின மாஸ்க், நான் முகத்தைக்கூடச் சரியாப் பார்த்ததில்லை."

அண்ணி கோடியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சோடாபுட்டியின் போன் அதிர்ந்தது. எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"பட்டறைக்குப் போயிட்டீங்க போல" என்றது பஞ்சுக் குரல். இயந்திரச் சத்தத்துக்கு மேல் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. "சந்தோஷம். நானும் கிளம்பிட்டேன். இருபது நிமிஷத்துல அங்கே இருப்பேன்."

தையல் மெஷின் நின்றது.

கோடியில் இருந்த பெண் எழுந்து நின்றாள். அவள் பார்வை போனின் மேலேயே இருந்தது. தொப்பியைக் கழற்றினாள், தலைமுடி கழுத்துவரை வெட்டியிருந்தது. மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். கடையின் டேப்லெட்டில் மழைக்கோட்டோடு சிரித்த முகம், சிரிப்பில்லாமல் எதிரே நின்றது.

"அவர் குரல்" என்றாள்.

முதலாளி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி கொழுந்தனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், மெதுவாக.

"நாம பட்டறைக்கு வர்றோம்னு நீ அவன்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. கடைக்குப் போனதையும் சொல்லவில்லை. ஆனால் காலையில் கிளம்பும்போது வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்கெங்கே போறீங்கன்னு தெரிஞ்சா எனக்கு ஒரு ஆறுதலா இருக்கும் தம்பி" என்றார். சோடாபுட்டி இளகிப்போய்ப் போனில் லொகேஷனைப் போட்டுவிட்டிருந்தான். காலையிலிருந்து அவர்கள் போகிற இடமெல்லாம் ஒரு நீலப் புள்ளியாக அந்த ஆளின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணின் இருப்பிடத்துக்குத் தானே வழி காட்டியிருக்கிறோம் என்பது புரிந்ததும் அவன் விரல் போன் திரைக்குப் போனது.

"ஆஃப் பண்ணிடறேன் அண்ணி."

"தொடாதே. இங்கே வந்து நின்னு போச்சுன்னா, இங்கேதான் ஏதோ இருக்குன்னு அவனுக்கு உறுதியாயிடும்." அண்ணி அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். "படத்துக்கு நீங்களா நின்னீங்க?"

"முதலாளி இல்லாத ஒரு நாள் அந்தக் கடைக்காரங்க கோட்டோட இங்கே வந்து, கலர் பார்க்கணும்னு சொன்னாங்க. மாஸ்க்கை எடுத்துட்டு, கோட்டைப் போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க, முகத்தை வெட்டிடுவோம்னு அந்தக் கடைப் போட்டோகிராபர் சொன்னார். ஒரு வாரம் கழிச்சுத் துணி என் மேஜைக்கு வந்துச்சு. பிரிச்சா, என் முகம். என் தலை மட்டுமே இந்த மேஜை அகலம்." அவள் விரல்கள் ஒரு சிலிக்கான் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தன. "பதினாலு கடையில மாட்டினா அவர் கண்ணுல படாம இருக்குமா? முதலாளிகிட்ட சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். அதான் சட்டத்துல ஏறாத மாதிரி தைச்சேன். அவங்களே சலிச்சுப்போய்ப் படத்தை மாத்திடுவாங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள, நான் லீவு போட்ட அன்னைக்கு, அவர் இங்கேயே வந்து நின்னிருக்கார்னு இப்போ நீங்க பேசினதுலேதான் தெரிஞ்சுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் முதலாளி.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். இடது கைச் சட்டையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்த இடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் தெரியும். சோடாபுட்டி தலையைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினேழு நிமிஷம் இருக்கு. ஓடணும்னா சொல்லுங்க, நானே பஸ் ஏத்தி விடறேன். தப்பா நினைக்க மாட்டேன்."

"பை தயாராத்தான் இருக்கு. எப்பவும் தயாரா இருக்கும்." அவள் மெஷினைப் பார்த்தாள். "இது மூணாவது ஊர். முதல் ரெண்டு இடத்துலயும் ரெண்டு ரெண்டு வாரம் பாத்திரம் கழுவினேன். இங்கேதான் ஒரு தொழில் கைக்கு வந்திருக்கு. இதை விட்டுட்டு இன்னொரு ஊர்ல போய் ஆரம்பத்துலேருந்து..." முடிக்கவில்லை. "கை உடைஞ்சப்போ குடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு வெச்சிருக்கேன். அது போதுமா?"

"ஆரம்பிக்கப் போதும்."

சோடாபுட்டி முதலாளியிடம் கையை நீட்டினான். "சார், வேன் சாவி குடுங்க. தப்பு என்னுது. அவரை என் பின்னால இழுத்துட்டுப் போறதும் நானேதான்."

"எங்கேன்னு இழுப்பே?" என்றாள் அண்ணி.

"நீங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்து, இன்ஸ்பெக்டர்கிட்ட உட்கார்ந்து, முக்கால்வாசி எழுதி முடிக்கிற வரைக்கும் ஊரைச் சுத்துவேன். அப்புறம் புள்ளியை ஸ்டேஷன் வாசல்ல கொண்டாந்து வைப்பேன். அவருக்கு அட்ரஸ்தானே வேணும், குடுத்துடலாம்."

*

வேனில் பின்னால் துணிச் சுருள்கள் உருண்டுகொண்டிருந்தன. சோடாபுட்டி ஸ்டியரிங்கைப் பிடித்த கையைத் துடைத்துத் துடைத்துப் பிடித்தான். நாலாவது நிமிஷத்தில் போன் வந்தது. ரெக்கார்டு பொத்தானை அழுத்திவிட்டுத்தான் எடுத்தான்.

"எங்கே போறீங்க? பட்டறையிலேருந்து கிளம்பிட்டீங்களே."

"கண்டுபிடிச்சுட்டோம் சார். அவங்க இங்கே இல்லை, வேற இடம். அங்கேதான் போறேன். பின்னாலேயே வாங்க."

மூன்று பாலம் ஏறி இறங்கினான். ஒரே ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றினான். கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கார் விடாமல் தெரிந்தது. வழி நெடுக அவன் வாய் ஓயவில்லை. அண்ணிக்குத் தலைவலி வரவழைக்கிற அதே வாய்தான். மேடம் ரொம்பப் பயந்த மாதிரித் தெரியறாங்க, பார்த்ததும் ஓடிட்டா என்ன பண்றது, வரமாட்டேன்னு சொன்னா என்ன பண்றது என்று அப்பாவியாகக் கேட்டுக்கொண்டே வந்தான். நாற்பது நிமிஷ அலைச்சலில் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்தது.

"ஓடுவாளா? போன தடவை கையோட விட்டேன்" என்றது போன். "இந்தத் தடவை கால். அப்புறம் எந்த வாசலைத் தாண்டுறான்னு பார்க்கிறேன். நீ அட்ரஸைக் காட்டிட்டுப் போயிட்டே இரு."

சோடாபுட்டி வண்டியை ஸ்டேஷன் தெருவுக்குத் திருப்பினான். "இதோ வந்துட்டோம் சார்" என்று மட்டும் சொன்னான்.

அந்தத் தெருவில் வேப்பமரத்தை ஒட்டி வேனை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறி உள்ளே போனான். பின்னாலேயே ஷூ சத்தம் வேகமாக வந்தது. ஆள் போனையும் முன்னால் போகிற முதுகையும் பார்த்துக்கொண்டு வந்தாரே தவிர, தலைக்கு மேல் இருந்த காவல் நிலையப் பலகையைப் பார்க்கவில்லை. பார்த்தபோது இரண்டு காலும் உள்ளே இருந்தன. கதவருகே நின்ற கான்ஸ்டபிள் அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் மேஜைக்கு எதிரே அண்ணியும் பட்டறை முதலாளியும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் பழுப்பேறிய ஆஸ்பத்திரிச் சீட்டு விரித்து வைத்திருந்தது. சோடாபுட்டி போனை அதன் பக்கத்தில் வைத்து, ஒலிக்க விட்டான். 'இந்தத் தடவை கால்' என்ற இடம் வந்ததும் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கட்சிக்காரர் அதற்குள் குரலைத் திரட்டிக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்து, யாருக்கும் மனசு இளகும்படி சொன்னார்: "கோவத்துல என்னமோ பேசிட்டேன். எல்லாரும் பார்க்கிறாங்க பாரு. எழுந்திரு, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

சோடாபுட்டி அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்துவிடுவாளோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது. பதினோரு மாதமாக ஓடியவள். அந்தக் குரலுக்கு எத்தனை வருஷம் எழுந்து பழகியிருப்பாளோ.

அவள் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மேடம், இப்போ சொன்னாரே, அதையும் எழுதிக்குங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.